டிசம்பரிலேயே கல்லூரிக்கா, பள்ளியை முடித்த பிறகா? அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்தில் நான்கு வழிகள்

பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் மகளுக்கு, அவள் சேரப்போகும் கல்லூரியின் பயிற்சியாளரிடமிருந்து ஒரு கேள்வி வருகிறது: "டிசம்பரோடு பள்ளியை முடித்துவிட்டு ஜனவரியிலேயே அணிக்கு வந்துவிட முடியுமா?" மகள் அன்றிரவே பெட்டி கட்டத் தயார். அம்மாவுக்குப் பள்ளியின் கடைசி ஆறு மாதத்தை விட்டுக்கொடுக்க மனமில்லை. இதில் ஒரு வருடம் மிச்சமா, நஷ்டமா என்பது அப்பாவுக்கு விளங்கவில்லை. அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் வாசகர்கள் சிலர் இந்தக் குழப்பத்தோடு எழுதியிருந்தார்கள். அவர்களுக்காகவும், பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தை விடாமல் பார்க்கிறவர்களுக்காகவும் இந்த ஒப்பீடு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். 17 வயதில் கிடைக்கும் அரை சீசனுக்கு விலையாகப் போவது, 22 வயதில் கிடைத்திருக்க வேண்டிய ஒரு முழு சீசன். சில பெண்களுக்கு அந்த விலை கட்டுப்படியாகிறது. பலருக்கு ஆவதில்லை.

எதிரில் இருக்கும் வழிகள் நான்கு:

- முதல் வழி: நான்கு ஆண்டுப் பள்ளியை முழுதாக முடித்து, ஜூனில் கோடை வகுப்பின்போது கல்லூரிக்குப் போவது.
- இரண்டாம் வழி: டிசம்பரில் பள்ளியை முடித்து, நடந்துகொண்டிருக்கும் சீசனிலேயே களத்தில் இறங்குவது.
- மூன்றாம் வழி: அதே ஜனவரியில் சேர்ந்து, பயிற்சி மட்டும் எடுத்துக்கொண்டு, அடுத்த சீசனிலிருந்து ஆடுவது. ரெட்ஷர்ட் என்பது இதுதான்.
- நான்காம் வழி: பள்ளியையே மூன்று ஆண்டில் முடித்து, ஒரு வகுப்பு முன்னால் தாவிக் கல்லூரியில் சேர்வது.

## எதை வைத்து எடை போடுவது

### சீசன் கணக்கு

மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். வீட்டில் பேசும்போது கடைசியில் வருவதும் இதுதான். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏவின் முதல் பிரிவில் பல காலமாக நடப்பில் உள்ள விதி: முழுநேர மாணவியாகச் சேர்ந்த செமஸ்டரிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு சீசன் ஆடலாம். ஜனவரியில் சேர்ந்தால் கடிகாரமும் ஜனவரியிலேயே ஓடத் தொடங்கும். பிப்ரவரியில், ஏற்கெனவே முடிவு தெரிந்த ஓர் ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடத்துக்கு அவளை இறக்கிவிட்டாலும் நான்கில் ஒன்று கழிந்தது. அமெரிக்கக் கால்பந்தில் சில ஆட்டங்கள் வரை ஆடியும் சீசனைக் காப்பாற்றிக்கொள்ளலாம். கூடைப்பந்தில் அந்தச் சலுகை இருந்ததில்லை.

காயம்பட்டால் சீசனைத் திரும்பக் கேட்கும் மருத்துவ விலக்கு உண்டு. அதற்கு, காயம் சீசனின் முதல் பாதிக்குள் நேர்ந்திருக்க வேண்டும். அதுவரை ஆடியது 30 சதவீத ஆட்டங்களைத் தாண்டியிருக்கக் கூடாது. ஜனவரியில் வருகிறவள் ஆடுவதே இரண்டாம் பாதியில்தானே! மூன்றாவது ஆட்டத்தில் முழங்கால் போனாலும் அந்த சீசன் போனதுதான். அழைக்கும் பயிற்சியாளர் இதைத் தாமாக எடுத்துச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஐந்து ஆண்டில் ஐந்து சீசன் என்று விதியை மாற்றும் யோசனை அண்மைக் காலமாக விவாதத்தில் இருக்கிறது. அப்படி மாறினால் ரெட்ஷர்ட் பற்றி இங்கே சொல்வதெல்லாம் வேறு கணக்காகிவிடும். கையெழுத்திடும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்று கல்லூரியின் விதி அலுவலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

### பாடக் கணக்கு

முதல் பிரிவில் ஆட, பள்ளியில் 16 கோர் பாடங்கள் (தகுதிக்குக் கணக்கில் எடுக்கும் அடிப்படைப் பாடங்கள்) தேவை: ஆங்கிலம் நான்கு, கணிதம் மூன்று, அறிவியல் இரண்டு, இந்த மூன்றில் ஏதாவதொன்றில் கூடுதலாக ஒன்று, சமூக அறிவியல் இரண்டு, பிற நான்கு. இவற்றில் 10 பாடங்களைப் பள்ளியின் ஏழாவது செமஸ்டர் தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் ஏழு, ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும். மதிப்பெண் சராசரி நான்குக்கு 2.3-க்குக் குறையக் கூடாது.

டிசம்பரில் முடிக்கிறவளுக்கு ஏழாவது செமஸ்டர்தான் கடைசி செமஸ்டர். பத்தை மட்டும் முடித்துவிட்டு வந்து நின்றால், மீதி ஆறையும் ஒரே இலையுதிர் காலத்தில் அடைக்க வேண்டியிருக்கும். நடைமுறையில் பதினொன்றாம் வகுப்பு முடியும்போதே பன்னிரண்டு, பதின்மூன்று பாடங்கள் கைவசம் இல்லாதவர்கள் இதைப் பற்றி யோசிக்காமலிருப்பதே நல்லது. வழக்கமாகச் சிக்கல் வருவது நான்காவது ஆங்கிலப் பாடத்தில். பல பள்ளிகளில் அதன் இரண்டாம் பகுதி ஜனவரியில்தான் தொடங்கும். ஆன்லைனில் படித்துச் சமாளிக்கலாம் என்பார்கள்; எல்லா ஆன்லைன் பாடங்களையும் என்சிஏஏ ஏற்பதில்லை. பாடத்தை எடுக்கும் முன்பே அது ஏற்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

### அணியில் இடம்

2025-26 முதல், விளையாட்டு மாணவர்களுக்குக் கல்லூரியே பணம் பகிரும் வருவாய்ப் பங்கீட்டு ஒப்பந்தத்தில் சேர்ந்த கல்லூரிகளின் அணியில் 15 பேருக்கு மேல் இருக்க முடியாது. சீசன் நடுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறதென்றால் யாரோ காயப்பட்டிருக்கலாம், யாரோ விலகியிருக்கலாம், அல்லது பயிற்சியாளர் திட்டமிட்டே ஓர் இடத்தை ஒதுக்கி வைத்திருக்கலாம். மூன்றாவது காரணம் உங்கள் மகளுக்காக. முதல் இரண்டும் அணியின் அவசரத்துக்காக. அந்த அவசரம் மார்ச்சோடு தீர்ந்துவிடும். ஏப்ரலில், கல்லூரி மாற விரும்புகிறவர்களின் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலிலிருந்து அதே இடத்துக்கு 22 வயது ஆட்டக்காரி ஒருத்தி வந்து நிற்பாள்.

### பணம்

ஆண்கள் கூடைப்பந்தில் வகுப்பு தாவுவதன் காரணம் வெளிப்படை. ஆண்களின் தொழில்முறை லீக்கான என்பிஏவுக்குள் நுழைய, அணிகள் புது ஆட்களை எடுக்கும் தேர்வு (டிராஃப்ட்) நடக்கும் ஆண்டில் 19 வயது நிறைந்து, பள்ளி முடித்து ஓராண்டு ஆகியிருந்தால் போதும். மெய்ன் மாநிலத்தின் கூப்பர் ஃபிளாக் ஒரு வகுப்பு தாவி 17 வயதில் டியூக்கில் சேர்ந்தார்; 2025 ஜூனில், 18 வயதில், முதல் ஆளாகத் தேர்வானார். ஒரு வருடம் முன்னால் போனதால் கோடிகள் ஒரு வருடம் முன்னால் வந்தன.

பெண்கள் பக்கம் கதவு வேறு இடத்தில் இருக்கிறது. பெண்களின் தொழில்முறை லீக்கான டபிள்யூஎன்பிஏவில் பல ஆண்டுகளாக இருந்துவரும் விதிப்படி அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரிக்கு அந்த ஆண்டில் 22 வயது நிறைய வேண்டும். இல்லையென்றால் பட்டம் முடித்திருக்க வேண்டும், அல்லது அவளோடு சேர்ந்த வகுப்பு முடித்திருக்க வேண்டும். ஆறு மாதம் முன்னால் கல்லூரிக்குப் போனால் அந்தக் கதவு ஆறு மாதம் முன்னால் திறந்துவிடாது. திறந்தாலும் உள்ளே இருந்தது என்ன? 2025-ல் முதல் ஆளாகத் தேர்வான பெய்ஜ் பெக்கர்ஸின் முதல் ஆண்டு ஊதியம் 78,831 டாலர். இந்த ஊதியம் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறக்கூடியது என்பது உண்மைதான். ஆனால் 2021 ஜூலையில் தன் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கும் என்ஐஎல் உரிமை வந்த பிறகு, 2025 ஜூலையில் கல்லூரிகளே ஆண்டுக்கு 20.5 மில்லியன் டாலர் வரை விளையாட்டு மாணவர்களுக்குப் பகிர்ந்தளிக்கலாம் என்று ஆன பிறகு, கல்லூரியின் கடைசி ஆண்டு மலிவான ஆண்டாக இல்லை. பெயர் பரவிய ஆட்டக்காரிக்கு அதிகப் பணம் கிடைக்கக்கூடிய ஆண்டு அதுதான். அரை சீசனுக்காக அதை அடகு வைக்கிறோம் என்ற நினைப்பு இருக்க வேண்டும்.

நம் குடும்பங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. பெற்றோர் எச்-1பி விசாவிலும் பிள்ளை எச்-4 விசாவிலும் இருந்தால், பிள்ளைக்குச் சம்பாதிக்க அனுமதி கிடையாது. 21 வயது ஆனதும் எச்-4 தகுதியும் போய்விடும். எஃப்-1 மாணவ விசாவுக்கு மாறினாலும் என்ஐஎல் வருமானம் சட்டச் சிக்கல் உள்ள விஷயம். இந்த வீடுகளில் "சீக்கிரம் போனால் சீக்கிரம் பணம்" என்ற வாதத்துக்கு இடமே இல்லை. கையெழுத்துக்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

### உடலும் மனமும்

பெண் ஆட்டக்காரிகளுக்கு முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழியும் ஆபத்து ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பழைய செய்தி. 17 வயதுப் பள்ளி உடம்பு, நான்கு ஆண்டு எடைப் பயிற்சி பெற்ற 22 வயது உடம்போடு மோதப் போகிறது. மனத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விடுதியில் தனியாகத் துணி துவைத்துக்கொண்டு, காலை எட்டு மணி வகுப்புக்குப் போய்விட்டு, மாலை பயிற்சியில் திட்டு வாங்கி, இரவு அழாமல் தூங்குவாளா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

## முதல் வழி: பள்ளியை முழுதாக முடிப்பது

இதற்கு வக்காலத்து வாங்க யாரும் வருவதில்லை. புதுமையாகச் சொல்ல இதில் ஒன்றுமில்லை. பெரும்பாலோர் போவது இதில்தான். கலிஃபோர்னியாவின் ஜூஜூ வாட்கின்ஸ் பதினொன்றாம் வகுப்பிலேயே நாடறிந்தவர். விரும்பியிருந்தால் எந்தக் கல்லூரியும் வாசலைத் திறந்து வைத்திருக்கும். அவர் 2023 வரை பள்ளியிலேயே இருந்தார். 2022 அக்டோபரில், பள்ளி மாணவியாக இருந்தபோதே நைக்கி நிறுவனத்தோடு ஒப்பந்தமானார். பிறகு தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் முதல் சீசனிலேயே 920 புள்ளிகள் எடுத்தார். முதலாண்டு மாணவி ஒருத்தி ஒரே சீசனில் எடுத்த புள்ளிகளில் அது தேசிய சாதனை. ஸ்டான்ஃபோர்டு களத்தில் ஒரே இரவில் 51.

பள்ளியில் இருந்தால் பணம் வராது என்பது எல்லா மாநிலத்துக்கும் பொருந்தாது என்பதற்காகவே அவரைச் சொன்னேன். பள்ளி மாணவருக்கு என்ஐஎல் உண்டா, எந்த நிபந்தனையோடு என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவும் உண்டு. மகள் ஏற்கெனவே மாவட்டத்தில் எல்லோரையும் 40 புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்துக்கொண்டிருந்தால், இன்னொரு குளிர்காலம் அப்படி ஆடுவதால் அவள் ஆட்டம் வளராது. எதிர்ப்பே இல்லாத இடத்தில் கெட்ட பழக்கங்கள் ஒட்டிக்கொள்ளும்: தடுப்பாட்டத்தில் கால் நகராது, பந்தை விட மனம் வராது. கோடையில் நல்ல கிளப் அணியில் ஆடினால் பாதி சரியாகும். மீதியைக் கல்லூரி சரிசெய்யும்.

ஜூனில் போனால் வேறொரு வசதியும் இருக்கிறது. கோடையில் வாரத்துக்கு எட்டு மணி நேரம், எட்டு வாரங்கள் வரை பயிற்சியாளரோடு வேலை செய்யலாம். எதிரே ஆட்டம் கிடையாது, பயணம் கிடையாது. புதிதாக வந்தவளுக்குக் கற்றுக்கொடுக்க எல்லோருக்கும் நேரம் இருக்கும்.

## இரண்டாம் வழி: ஜனவரியில் வந்து உடனே ஆடுவது

இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். பத்திரிகைகளில் பெரிதாக வரும் கதைகள் இந்த வழியில் போனவர்களுடையவை.

நியூஜெர்சியின் ஒலிவியா மைல்ஸ் 2021 ஜனவரியில் நோட்டர் டேமில் சேர்ந்தார். அந்தப் பெண்கள் அணியில் அப்படிப் பாதியில் வந்து சேர்ந்தவர் அவருக்கு முன் யாரும் இல்லை. அந்த சீசனின் மிச்சத்தில் ஆறு ஆட்டங்கள் ஆடினார். அடுத்த ஆண்டு, 2022 மார்ச்சில், என்சிஏஏ தொடரில் மாசசூசெட்ஸ் அணிக்கு எதிராக 12 புள்ளி, 11 ரீபவுண்ட், 11 அசிஸ்ட். ஆண், பெண் இரு பக்கத்திலும் அந்தத் தொடரில் டிரிபிள்-டபுள் (மூன்று கணக்கிலும் பத்தோ அதற்கு மேலோ) எடுத்த முதல் முதலாண்டு ஆட்டக்காரர் அவர்தான்.

படிக்கிறவருக்கு உடனே தோன்றுவது, "பார்த்தீர்களா, சீக்கிரம் போனதால்தான்!" ஆனால் 2022-லும் அவர் முதலாண்டு ஆட்டக்காரராகவே எண்ணப்பட்டது எப்படி என்று பாருங்கள். கொரோனாக் காலத்தின் 2020-21 சீசன் யார் கணக்கிலும் ஏறாது என்று என்சிஏஏ 2020 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. அதாவது மைல்ஸ் அரை சீசனுக்கு விலையே கொடுக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் பல மாநிலங்களில் பள்ளி ஆட்டங்கள் தள்ளிப்போயும் நின்றும் கிடந்தன. பள்ளியில் விட்டு வந்ததும் பெரிதாக ஒன்றுமில்லை. அப்படியொரு இலவச ஜனவரி இனி வராது.

விலை கொடுக்காததன் பலன் கடைசியில் தெரிந்தது. 2023 பிப்ரவரியில் அவருக்கு முழங்கால் போயிற்று. 2023-24 முழுவதும் ஆடவில்லை. 2025-ல் அவருக்கு 22 வயது. டபிள்யூஎன்பிஏ தேர்வில் முதல் சில இடங்களுக்குள் வருவார் என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தபோது, அவர் அதற்குப் போகாமல் டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்துக்கு மாறி இன்னொரு கல்லூரி சீசனைத் தேர்ந்தெடுத்தார். அந்தக் கடைசி சீசன் கையில் இருந்ததால்தான் அப்படித் தேர்ந்தெடுக்க முடிந்தது.

அதே 2021 ஜனவரியில் மேரிலாந்தின் மிடில்டவுனைச் சேர்ந்த சேலர் பாஃபன்பார்கர், கனெக்டிகட் அணியில் இதே முறையில் சேர்ந்தார். பெண்கள் கூடைப்பந்தில் அதைவிடப் பெரிய பெயர் உள்ள வாசல் கிடையாது. ஆட நிமிடங்கள் அதிகம் கிடைக்கவில்லை. 2021 டிசம்பரில் விலகி ஆர்கன்சா போனார், நிலைபெற்றது அங்கேதான். பிறகு சொந்த மாநிலமான மேரிலாந்துக்கே வந்தார். பெரிய அணிக்கு ஆறு மாதம் முன்னால் போவதால் வரிசையில் ஆறு மாதம் முன்னால் நிற்கலாம் என்பது பொய்க்கணக்கு. அடுத்த ஆகஸ்டில் வருகிறவள் உங்கள் மகளைவிடத் திறமைசாலியாக இருந்தால் வரிசை அவளுக்குத்தான் வழிவிடும்.

முழு விலையும் கொடுத்து, கொடுத்ததற்கு ஈடாக வாங்கியவர் என்றால் எனக்குத் தோன்றுவது க்ளோயி கிட்ஸ். ஃபுளோரிடாவில் படித்துக்கொண்டிருந்தவர் 2022 டிசம்பரில் தென் கரோலினாவுக்கு வந்தார். பயிற்சியாளர் டான் ஸ்டேலியின் அந்த அணி அப்போது தோல்வியே காணாமல் போய்க்கொண்டிருந்தது. அரையிறுதியில் அயோவாவிடம் விழும்வரை 36 வெற்றி. கிட்ஸுக்கு அதில் பெரிய வேலை இல்லை. ஆனால் தினமும் பயிற்சியில் எதிரே நின்றவர், சில மாதங்களில் டபிள்யூஎன்பிஏ தேர்வில் முதலிடம் பெறப்போகும் அலியா பாஸ்டன். சீசன் முடிந்ததும் தொடக்க ஐவரும் போய்விட்டார்கள். அணியே காலி. அமைப்பு தெரிந்த, பயிற்சியாளரின் குரல் பழகிய கிட்ஸ் அடுத்த ஆண்டு தொடக்க வரிசைக்கு வந்தார். அந்த அணி 38 ஆட்டம் ஆடி 38-லும் வென்றது.

இவர் கணக்கில் அரை சீசன் முழு சீசனாக ஏறியது. நான்கில் ஒன்று போயிற்று. ஆனால் அடுத்த ஆண்டு தன் இடத்துக்கு எதிரே யாரும் இருக்கமாட்டார்கள் என்பதை முன்கூட்டியே ஓரளவு ஊகிக்க முடிந்தது. தொடக்க ஐவரும் கடைசி ஆண்டுக்காரர்கள் என்பது ஊரறிந்த விஷயம். இந்த வழியில் போகிறவர்கள் பார்க்க வேண்டியது அதைத்தான்: இந்த ஆண்டு அணியில் என்ன ஓட்டை என்று பார்ப்பது போதாது, அடுத்த ஆண்டு யார் யார் போகிறார்கள் என்று பாருங்கள்.

மான்ட்ரியாலின் கசாண்ட்ரே புரோஸ்பர் கதை இன்னொரு மாதிரி. 2022-23 சீசன் நடுவில் நோட்டர் டேமுக்கு வந்தார். வந்த கொஞ்ச நாளில், ஜனவரியில், சக ஆட்டக்காரி டாரா மேப்ரிக்கு முழங்கால் போயிற்று. பிப்ரவரியில் மைல்ஸ். பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வந்த பெண், ஆள் பற்றாக்குறையில் தவித்த அணியோடு மார்ச் தொடருக்குப் போக வேண்டியதாயிற்று. அதை அதிர்ஷ்டம் என்றும் சொல்லலாம், பாரம் என்றும் சொல்லலாம். ஜனவரியில் சேர்கிறவளின் பங்கு என்ன என்று டிசம்பரில் யார் வாக்குக் கொடுத்தாலும், இரண்டு முழங்கால் அதை மாற்றிவிடும்.

அன்றாடம் எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஜனவரியில் அணி வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடிக்கொண்டிருக்கும். பயிற்சிக்கு வாரம் 20 மணி நேரம்தான் உச்சவரம்பு. அதில் பெரும்பகுதி அடுத்த எதிரணியை எதிர்கொள்ளும் ஒத்திகைக்குப் போய்விடும். பெண்கள் அணிகளில் அந்த எதிரணியாக நடிப்பது பெரும்பாலும் அதே கல்லூரியின் ஆண் மாணவர்கள். புதிதாக வந்தவளும் அவர்களோடு நிறுத்தப்படுவாள். வியாழக்கிழமை ஆட்டத்துக்காக ஓர் எதிரணியின் நகர்வுகள், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்காக வேறோர் அணியின் நகர்வுகள். மற்றவர்களின் ஆட்டமெல்லாம் மனப்பாடம் ஆகும். சொந்த அணியின் ஆட்டம் கடைசியில்தான் பிடிபடும். தன்னைவிட உயரமும் வேகமும் உள்ள இளைஞர்களோடு தினமும் மோதுவது மட்டும் உண்மையான லாபம்.

## மூன்றாம் வழி: சேரலாம், ஆட வேண்டாம்

கேட்க மந்தமாக இருக்கும். ஜனவரியில் போகத்தான் வேண்டும் என்றால் நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

பயிற்சி, எடைக்கூடம், உணவு, வகுப்பு எல்லாம் கிடைக்கும். சீசன் எதுவும் கழியாது. ஏப்ரல், மே மாதங்களில் ஆட்டம் இல்லாதபோது தனித்தனியாகக் கற்றுக்கொடுப்பார்கள். ஜூனில் வருகிறவளுக்கு அது கிடைக்காது. ஆகஸ்டில் வகுப்புத் தோழிகள் வழி தெரியாமல் நிற்கும்போது இவள் ஒரு செமஸ்டர் பாடத்தையும் முடித்திருப்பாள்.

மறைந்திருக்கும் விலை கடிகாரத்தில் இருக்கிறது. ஜனவரியில் தொடங்கும் ஐந்தாண்டு, டிசம்பரில் முடிகிறது. ஆடாத அரை ஆண்டு போக, நடுவில் முழு சீசன்கள் நான்குதான் வரும். பிறகு ஒரு முழு ஆண்டு காயத்தில் போனால், அதை ஈடுகட்ட வழக்கமான மாணவிக்கு இருக்கும் உபரி ஆண்டு இவளுக்கு இல்லை. எகிப்திலிருந்து கனெக்டிகட்டுக்கு வந்த ஜானா எல் அல்ஃபியின் பள்ளிப் பின்னணி வேறு. ஆனால் கடிகாரக் கணக்குக்கு அவர் நல்ல உதாரணம். 2023 ஜனவரியில் சேர்ந்து, ஆடாமல் பயிற்சி மட்டும் எடுத்தார். அந்தக் கோடையில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் நாட்டுக்காக ஆடும்போது குதிகால் தசைநார் அறுந்தது. 2023-24 சீசனும் போயிற்று. களத்தில் இறங்குவதற்குள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. 2025 ஏப்ரலில் பட்டம் வென்ற அணியில் அவர் இருந்தார் என்பது மகிழ்ச்சி. ஓடிய கடிகாரம் ஓடியதுதான்.

இரண்டு வாய்ப்புகள் கையை மீறிய காரணத்தால் பறிபோனால் நீட்டிப்பு கேட்கலாம். தானாக முடிவெடுத்து உட்கார்ந்த அரை ஆண்டை அதில் சேர்ப்பார்கள் என்று நம்பிப் போகக் கூடாது.

இன்னொன்று: "ஆடமாட்டாள்" என்ற வாக்குறுதி. பிப்ரவரியில் இரண்டு பேர் காயப்பட்டதும் அதே பயிற்சியாளர் வந்து "நீ தயாராகத்தானே இருக்கிறாய்?" என்று கேட்பார். 17 வயதுப் பெண் முடியாது என்று சொல்வாளா? அந்த உரையாடலை டிசம்பரிலேயே பெற்றோர் முன்னிலையில் நடத்தி முடித்துவிட வேண்டும்.

## நான்காம் வழி: ஒரு வகுப்பு தாவுவது

சீசன் கணக்கில் சேதம் இல்லாத ஒரே முன்கூட்டிய வழி இது. ஜூன் அல்லது ஆகஸ்டில் எல்லோரோடும் சேர்வாள். நான்கு முழு சீசனும், உபரி ஆண்டும் அப்படியே இருக்கும். நான்கு ஆண்டில் பட்டம் பெற்றால் டபிள்யூஎன்பிஏவுக்கும் ஓராண்டு முன்னால் போகலாம்.

விலை வேறு இடத்தில் இருக்கிறது. பள்ளியின் கடைசி ஆண்டு முழுவதும் போகிறது. அந்த ஆண்டில்தான் பயிற்சியாளர்கள் அதிகம் பார்ப்பார்கள். பேரம் பேசும் பலமும் அப்போதுதான் அதிகம். 2002 முதல் பெண்களுக்கும் நடக்கும் மெக்டொனால்ட்ஸ் ஆல்-அமெரிக்கன் ஆட்டம் போன்றவை பன்னிரண்டாம் வகுப்புக்காரர்களுக்கானவை. கல்லூரிகளும் தங்கள் 15 இடங்களை ஆண்டு வாரியாகத் திட்டமிட்டு வைத்திருக்கும். மகள் 2028-க்கு வருவாள் என்று இடம் வைத்தவர்கள் 2027-ல் இடம் தருவார்கள் என்ற உறுதி இல்லை. பதினாறு கோர் பாடங்களையும் மூன்று ஆண்டில் முடிக்க, ஒன்பதாம் வகுப்பிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பின் பிப்ரவரியில் திடீரென்று தோன்றிய ஆசை என்றால், கோடையில் மூன்று ஆன்லைன் பாடங்களை அவசரமாக எடுத்து, அதில் ஒன்று ஏற்கப்படாமல் போய், ஆகஸ்டில் தகுதிச் சான்றுக்காகக் காத்துக் கிடக்க நேரும்.

வயதும் இருக்கிறது. தன் வகுப்பில் வயதில் மூத்தவளாக இருப்பவள் தாவினால் சரியான வயதுக்காரர்களோடு சேர்கிறாள். வகுப்பிலேயே இளையவள் தாவினால் 16 முடிந்து 17 ஆரம்பத்தில் கல்லூரியில் நிற்பாள். இந்த இரண்டு பெண்களுக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது.

## ஒரே பார்வையில்

| | பள்ளியை முழுதாக முடித்தல் | ஜனவரியில் சேர்ந்து ஆடுதல் | ஜனவரியில் சேர்ந்து ஆடாதிருத்தல் | வகுப்பு தாவுதல் |
|---|---|---|---|---|
| சீசன் இழப்பு | இல்லை | அரைக்கு ஒரு முழு சீசன் | இல்லை. உபரி ஆண்டு போகும் | இல்லை |
| பாடச் சுமை | இயல்பு | இலையுதிர் காலத்தில் கடுமை | அதே கடுமை | மூன்று ஆண்டும் கடுமை |
| காயப்பட்டால் | விலக்குக்கு வாய்ப்பு உண்டு | விலக்குக்கு வாய்ப்பு மிகக் குறைவு | அந்த சீசன் பாதுகாப்பு. பின்னால் இடர் | விலக்குக்கு வாய்ப்பு உண்டு |
| விட்டுப்போவது | ஐந்து மாதக் கல்லூரிப் பயிற்சி | பள்ளி சீசன், கல்லூரியின் கடைசி சீசன் | பள்ளி சீசன் | பள்ளியின் கடைசி ஆண்டு முழுவதும் |
| யாருக்குப் பொருந்தும் | பெரும்பாலோருக்கு | அடுத்த ஆண்டு தொடக்க இடம் உறுதியாகக் காலியாகும் இடத்துக்குப் போகிறவளுக்கு | உடல் வளர வேண்டிய உயரமானவளுக்கு, காயத்திலிருந்து மீள்பவளுக்கு | வகுப்பில் மூத்தவளுக்கு, பாடங்களில் முன்னால் இருப்பவளுக்கு |

அட்டவணையில் அடங்காத ஒரு நிலைமை: பதினொன்றாம் வகுப்புக் கோடையில் ஏசிஎல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண். அவளுக்குப் பள்ளியின் கடைசி சீசன் எப்படியும் கிடையாது. பாடங்கள் முடிந்திருந்தால், உள்ளூர் பிசியோவைவிடக் கல்லூரியின் மருத்துவக் குழுவிடம் ஜனவரியிலேயே போய்விடுவது சரி. மூன்றாம் வழியைத் தயங்காமல் சொல்லக்கூடிய இடம் இது ஒன்றுதான்.

## அழைப்பு வந்தால் கேட்க வேண்டியவை

தொலைபேசியில் கேட்டுவிட்டு, பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

இந்த இடம் ஏன் இப்போது காலியாக இருக்கிறது? மகளின் இடத்தில் ஆடுகிறவர்களில் அடுத்த ஆண்டு யார் யாருக்குத் தகுதி மிச்சம் இருக்கிறது? ஏப்ரலில் போர்ட்டலிலிருந்து அதே இடத்துக்கு ஆள் எடுக்கப் போகிறீர்களா? (நேர்மையான பயிற்சியாளர், "எடுக்கலாம்" என்பார். "மாட்டவே மாட்டேன்" என்கிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கை தேவை.) ஆடாமல் இருக்கும் முடிவு எடுத்தால், அதை மாற்றும் உரிமை யாரிடம்? உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு, ஐந்தாவது ஆண்டும் படிக்க நேர்ந்தால் அதற்கும் உண்டா? தலைமைப் பயிற்சியாளர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் இந்த ஒப்பந்தத்தில் எது நிற்கும்?

பள்ளி ஆலோசகரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: டிசம்பரில் பட்டம் முடித்ததற்கான அத்தாட்சியோடு இறுதி மதிப்பெண் பட்டியலை எந்தத் தேதியில் என்சிஏஏ தகுதி மையத்துக்கு அனுப்புவீர்கள்? பள்ளி அலுவலகம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மூடிவிட்டால், அந்தக் காகிதம் ஜனவரி முதல் வாரம் தாண்டித்தான் போகும். அது போய்ச் சேர்ந்து சரிபார்க்கப்படும்வரை மகள் சீருடை போட்டுக்கொண்டு பெஞ்சில்கூட உட்கார முடியாமல் போகலாம்.